உப்பு ஜாடி சொன்ன பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

'பேட்டரியைப் பற்றிப் பேசச் சொன்னா, உப்பைப் பற்றிப் பேசுறானே' என்று நினைக்காதீர்கள். கல்வராயன் மலைப் பக்கம் மேகம் திரண்டு நாலு நாள் மழை பிடித்தால், கருணாபுரத்தில் எங்கள் வீட்டு ஜாடியில் உப்பு கட்டி தட்டிவிடும். அம்மா கரண்டிக் காம்பால் குத்தி எடுப்பார்கள். அடுப்பில் வைக்காமலே தூள் எப்படிக் கட்டியானது? ஈரம் உப்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைக்கிறது. காயும்போது அது இடுக்குகளில் படிந்து ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். செல்போன் பேட்டரியில் லித்தியம் அயனிகள் போய்வருவது தீப்பிடிக்கக்கூடிய திரவத்தில். அதற்குப் பதில் பீங்கான் வில்லை வைத்தால் அந்தப் பயம் குறையும். லித்தியம், லாந்தனம், சிர்க்கோனியம் சேர்ந்த ஆக்சைடில் அயனிகள் வேகமாக ஓடுவதை 2007இல் முருகன், தங்கதுரை இருவரும் ஜெர்மானியப் பேராசிரியர் வெப்னருடன் சேர்ந்து காட்டினார்கள். முருகன் அவர்கள் நமக்குப் பக்கத்தில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்!

ஆனால் அதை 1230 டிகிரியில் 36 மணி நேரம் சுட வேண்டியிருந்தது. அந்தச் சூட்டில் லித்தியம் ஆவியாகும். மின்முனையோடு சேர்த்துச் சுட்டால் இரண்டும் வினைபுரிந்து கெடும். நானும் இரண்டு நாள் காத்திருந்து உலையைத் திறந்து, விரிசல் விட்ட வில்லையைப் பார்த்து உட்கார்ந்தவன்தான்.

2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் ராண்டல் குழுவினர் 'குளிர்முறைச் சுடுதல்' பற்றி எழுதினார்கள். தூளில் சில சொட்டுத் திரவம், பலமான அழுத்தம், 300 டிகிரிக்கும் குறைந்த சூடு. எங்கள் வீட்டு ஜாடி செய்த வேலையேதான்!

வேலை முடிந்துவிடவில்லை, தம்பிகளே, தங்கைகளே. முருகன் குழுவின் பீங்கானில் தண்ணீர் பட்டால் லித்தியம் வெளியேறி ஹைட்ரஜன் குடியேறும். ஜெர்மானியம் கலந்த பாஸ்பேட் பீங்கானை 120 டிகிரியில் இறுக்கினார்கள். ஆனால் அயனி நன்றாக ஓட, மறுபடி 650 டிகிரியில் சூடாக்க வேண்டியிருந்தது. எந்தப் பீங்கானுக்கு எந்தத் திரவம் பொருந்தும்? இது வேதியியல் கேள்வி.

'நம்ம காலேஜில் பெரிய உலை இல்லையே' என்று தயங்காதீர்கள். ஓர் அழுத்து இயந்திரமும் சூடாக்கும் தட்டும் இருந்தால் இந்தக் கேள்வியை இங்கேயே தொடங்கலாம்.