நாணயமும் நம்பிக்கையும்



சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ரயிலில் போய்வரும் நம்மவர் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ராஜமுந்திரியை அடுத்துக் கோதாவரிப் பாலத்தின்மீது வண்டி ஏறியதும், பெரியவர்கள் சன்னலருகே வந்து கைகூப்புவார்கள். ஒரு காசை எடுத்து ஆற்றில் இடுவார்கள். போகும் காரியம் கைகூட வேண்டும், போனவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்பதே அந்தக் காசின் பொருள். இதனை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. ஆற்றில் விழும் காசு வண்டியின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. ஆனால் அதே காசு, அதே வேண்டுதலோடு, ஆகாய விமானத்தின் எஞ்சினுக்குள் விழுந்தால் என்ன நேரும்? இது கற்பனைக் கேள்வி அன்று. சீன நாட்டில் பன்முறை நிகழ்ந்த செய்தி.

2017ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், ஷாங்காய் நகரத்து புதோங் விமான நிலையத்தில், குவாங்சௌ செல்லும் விமானத்தில் பிரயாணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் எண்பது வயது மூதாட்டி ஒருவரும் இருந்தார். அவர் ஒன்பது நாணயங்களை எஞ்சினை நோக்கி எறிந்தார். பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற பிரார்த்தனை தவிர வேறு எண்ணம் அவருக்கு இல்லை. எட்டு நாணயங்கள் குறி தவறிக் கீழே விழுந்தன. ஒன்று எஞ்சினுக்குள் புகுந்தது. பார்த்திருந்த ஒருவர் தகவல் கொடுத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது பேரும் கீழே இறக்கப்பட்டார்கள். எஞ்சினைச் சோதித்து, காசை எடுத்து, விமானம் புறப்பட ஐந்து மணி நேரத்துக்கு மேலாயிற்று. எழுபது வயதைக் கடந்தவர் என்பதால் மூதாட்டி காவலில் வைக்கப்படவில்லை.

இதை முதுமையின் அறியாமை என்று கருதிவிடக் கூடாது. 2019 பிப்ரவரியில் ஆன்சிங் என்னும் ஊரில், குன்மிங் செல்லவிருந்த விமானத்தின் எஞ்சினை நோக்கிக் காசு எறிந்தவர் இருபத்தெட்டு வயது இளைஞர். அன்றைய விமானம் ரத்தாயிற்று. விமானக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 1,20,000 யுவான் நஷ்டஈடு தருமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் வெய்ஃபாங் நகரில் ஒருவர் நாணயங்களைச் சிவப்புக் காகிதத்தில் பொதிந்து எறிந்தார். 2024 மார்ச்சில் சான்யாவிலிருந்து பெய்ஜிங் செல்லவிருந்த விமானம் இதே காரணத்தால் நான்கு மணி நேரம் தாமதித்தது. தண்டனையும் செய்தித்தாளும் இருந்தும் வழக்கம் நிற்கவில்லை. ஏனெனில் அதன் வேர் அச்சத்தில் இருக்கிறது. கோயில் குளத்திலும் தூபக் கலசத்திலும் காசிட்டு நன்மை வேண்டிப் பழகிய கை, அச்சம் வந்தபோது விமானத்திடமும் அவ்வாறே நீள்கிறது.

விமான எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்தால் இதன் ஆபத்து விளங்கும். முகப்பில் பெரிய விசிறி ஒன்று சுழல்கிறது. அதன் பின்னே காற்றை அழுத்தும் சிறு தகடுகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. அழுத்தப்பட்ட காற்று எரியறையில் எரிபொருளோடு சேர்ந்து எரிந்து, வெப்ப வாயுவாகப் பின்புறச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இத்தகைய விமானங்களில் உட்பகுதி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். அவ்வேகத்தில் ஓர் உலோகத் துண்டு தகட்டில் பட்டால் அதன் விளிம்பில் பல் விழும். சிறு பல்லிலிருந்து வெடிப்பு தொடங்கலாம். தகடு முறிந்தால் அதன் துண்டு அடுத்த வரிசையைத் தாக்கும். எஞ்சின் அதிரலாம், நின்றும் போகலாம். ஓர் எஞ்சினோடு பறந்து இறங்கும் வல்லமை இன்றைய விமானங்களுக்கு உண்டு. ஆனால் அந்த வல்லமை எதிர்பாராத இடுக்கண்ணுக்கென வைத்த சேமிப்பு. அதை நாமே வலிந்து செலவழிக்கலாமா?

குறி தவறிய காசும் தீங்கற்றதன்று. தரையில் கிடக்கும் சிறு பொருளையும் எஞ்சின் காற்றோடு இழுத்துக்கொள்ளும். சிறு உலோகம் என்ன செய்யும் என்பதற்குப் பாரிஸ் நகரமே சாட்சி. 2000ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், முன்னே சென்ற வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் உதிர்ந்து கிடந்த ஓர் உலோகப் பட்டையின்மீது கன்கார்டு விமானத்தின் சக்கரம் ஏறியது. பட்டையின் நீளம் 43 சென்டிமீட்டர். டயர் கிழிந்தது, அதன் துண்டு இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியைத் தாக்கியது, தீ மூண்டது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நால்வரும் மாண்டார்கள். சீன நாட்டு நிகழ்ச்சிகளில் எவருக்கும் காயமில்லை என்றால், புறப்படுமுன்னே கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம்.

ஆகவே நம்பிக்கைகள் யாவற்றையும் துடைத்தெறிய வேண்டுமா? வேண்டியதில்லை. லுஃப்தான்சா விமானங்களில் 13ஆம் வரிசையும் 17ஆம் வரிசையும் கிடையா. அதனால் எவருக்கும் கேடில்லை. 2019 அக்டோபரில் பிரான்சு நாட்டில் முதல் ராஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட நம் பாதுகாப்பு அமைச்சர், அதன் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தார். அது பலர் அறியச் செய்த சடங்கு. சபரிமலை யாத்திரிகர்களின் நெய்த் தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கையோடு தேங்காய் கொண்டுவரப் பாதுகாப்பு விதி இடம் தருவதில்லை. ஆயினும் 2024 அக்டோபரில், இருமுடியிலுள்ள தேங்காய்க்கு அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, அனுமதி அளிக்கப்பட்டது. எக்ஸ்-கதிர்ச் சோதனையும், வெடிபொருள் சுவடறியும் சோதனையும், கையால் பார்க்கும் சோதனையும் அதற்கு நிபந்தனை. பக்தியும் குறையவில்லை, காவலும் குறையவில்லை. வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற நம்பிக்கைக்கும், ஒருவரும் அறியாமல் எஞ்சினில் எறிந்த நம்பிக்கைக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

காசு எறியாதவர்களிடத்தும் வேறொரு மூட நம்பிக்கை உண்டு. "விதி முடிந்தால் முடிந்ததுதான், இந்த வார் என்ன செய்யும்?" என்று இருக்கைவாரைத் தளர்த்திவிட்டு, பணிப்பெண் பாதுகாப்பு முறைகளை விளக்கும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள் பலர். விமான விபத்து என்றால் எல்லோரும் மாள்வார்கள் என்ற எண்ணமே பிழையானது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1983 முதல் 2000 வரை அந்நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்தது. அவற்றில் சிக்கிய 53,487 பேரில் 51,207 பேர் உயிர் பிழைத்தார்கள். 2024 ஜனவரி 2ஆம் நாள் தோக்கியோவின் ஹனேதா நிலையத்தில், இறங்கிய விமானமொன்று கடலோரக் காவற்படையின் விமானத்தில் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் ஐவர் மாண்டது துயரமே. ஆயினும் பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள். மூட்டைகளை விட்டுவிட்டு, சொன்னபடி நடந்தார்கள் என்பதே அதன் இரகசியம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஊரிலுள்ள பெற்றோருக்கு விமானச் சீட்டு வாங்கி அனுப்புகிறோம். மதுரையிலோ திருச்சியிலோ முதல்முறையாக விமானம் ஏறும் தாயாரிடம் ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் சொல்கிறோம். அவர் மனத்திலுள்ள அச்சத்தைக் கேட்கிறோமா? எஞ்சின் ஏன் ஓலமிடுகிறது, மேகத்தினூடே விமானம் ஏன் குலுங்குகிறது, காது ஏன் அடைக்கிறது என்று முன்கூட்டிச் சொன்னால் பாதி அச்சம் தீரும். கற்பூரமும் தீப்பெட்டியும் மூட்டையில் வேண்டாம் என்றும், வேண்டுதல் காசை மஞ்சள் துணியில் முடிந்து வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்றும் பக்குவமாக எடுத்துரைக்கலாம். அதைக் கேட்க மறுக்கும் தாய் இல்லை. ஷாங்காய் மூதாட்டியிடமும் இவ்வாறு எவரேனும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால், அன்று அவர் கூட்டத்தின் நடுவே குற்றவாளிபோல் நின்றிருக்க மாட்டார்.

எண்ணற்ற மனிதர்களின் கவனத்தால் விமானம் பறக்கிறது. திருகாணியை முடுக்குபவர், ஓடுபாதையில் கிடக்கும் துரும்பைப் பொறுக்குபவர், இரவெல்லாம் விழித்து வழி சொல்பவர் ஆகிய இவர்கள் உழைப்பே பிரயாணியின் காப்பு. அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய வழிபாடு, அதற்குக் குறுக்கே நில்லாமல் இருப்பது.