தேநீரும் மாதர் தேகசுகமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தேநீரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் முகம் வாடக் கண்டோம். அஞ்ச வேண்டாம். தேநீர் பருகும் பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு வாய்க்காதென்று ஒரு வதந்தி உலவுகின்றது. அளவோடு பருகுவதால் மலடு உண்டாகுமென்பதற்குத் தக்க ஆதாரமில்லை. மேனி கறுக்குமென்பதும் அத்தகையதே. நமது கவலை வேறு. அது இரத்தத்தைப் பற்றியது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய மாதரில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். தமிழ்நாட்டில் 53 பேர். மாதந்தோறும் உதிரத்தோடு இரும்புச் சத்தை இழப்பவளும், கருவுற்றபின் சிசுவுக்கு அதைப் பங்கிட்டளிப்பவளும் பெண்ணே. கர்ப்ப காலத்தில் சோகை முற்றினால் குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த மகவும் நேரிடக்கூடும். பிரசவத்தில் உதிரப்போக்கு சற்று மிகுந்தாலும் தாயின் உயிருக்கே மோசம் வந்துவிடும்.

இதற்கும் தேநீருக்கும் யாது சம்பந்தம்? தேயிலையின் துவர்ப்புப் பொருள், சோறு, கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு, இரத்தத்திற் சேரவொட்டாமல் தடுக்கின்றது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தருகே வாழ்ந்த இந்திய வம்சத்து மாதரிடம் இதனைச் சோதித்து, 1975-ல் முடிவை வெளியிட்டார்கள். சோற்றுணவோடாயினும், மருந்தாக உட்கொள்ளும் இரும்பு உப்போடாயினும், தேநீர் சேர்ந்தவிடத்து உடலிற் சேரும் இரும்பு வெகுவாகக் குறைந்தது. பால் கலந்துவிட்டால் தோஷம் நீங்குமென்று கருதுவதும் பிழை.

நாம் நேரிற் கண்ட ஒரு செய்தி. ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம், 11-க்குக் குறையலாகாது. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு மாத்திரையை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. இருந்தும் அளவு ஏறவில்லை. வீட்டார் கலங்கினர், சோதிடமும் பார்த்தனர். கடைசியில் கிராம சுகாதாரச் செவிலியார், "எதனோடு விழுங்குகிறாய், அம்மா?" என்று வினவ, "தேத்தண்ணியோடுதான், வெறுந் தண்ணியில் குமட்டுகிறது என்று அத்தை கொடுப்பார்கள்" என்றாள். மாமியார் அன்பினாற் செய்ததே அது! பின்னர் இரவில், உணவுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் 10-ஐக் கடந்தது.

எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் புளிப்புச் சத்து இரும்பை உடலிற் சேர்ப்பிக்கும். தேநீரோ, உணவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது விலகி நிற்க வேண்டும். காலையில் பலகாரத்துக்குப் பதிலாக இரண்டு குவளை தேநீரோடு வயலுக்கோ உத்தியோகத்துக்கோ புறப்படும் சகோதரிகள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க.

தேநீரிலுள்ள காபீன் சிசுவையும் எட்டுவது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படுமாயின் கர்ப்பிணிகள் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. 200-க்குள் நிறுத்துவதே உத்தமமென்பாரும் உளர். ஒரு குவளை தேநீரில் ஏறக்குறைய 30 முதல் 50 வரை இருக்கும். காப்பியையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்க. திடீரென நிறுத்தினால் தலைவலி காணும். ஒவ்வொரு குவளையாகக் குறைப்பது நலம்.

இன்று பந்தி முடிந்த கையோடு தேநீர் வழங்குவதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனை ஒரு மணி நேரம் தாமதித்து வழங்கும்படி காரியதரிசியாரைக் கேட்டுக்கொண்டோம், அவரும் இசைந்திருக்கிறார்.