பாலம் யார் பெயரில்?



ரயில் ஓடாத ஒரு பாலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆந்திராவில் ராஜமுந்திரி நகரத்தை ஒட்டி, கோதாவரிக்குக் குறுக்கே நிற்கிற ஹேவ்லாக் பாலம். 1897இல் வேலை தொடங்கி 1900இல் ரயில் விட்டார்கள். 56 கண், ஒவ்வொன்றும் சுமார் 150 அடி. நீளம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேலே. சென்னையிலிருந்து கல்கத்தா போகிற பாதை இதன்மேல்தான் போனது. மூன்றாவது பாலம் வந்ததும், 1997இல் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

பெயரைப் பாருங்க. ஹேவ்லாக் அன்றைய சென்னை மாகாண கவர்னர். ஒரு கூடை மண் சுமந்திருப்பாரா? கட்டிய இஞ்சினியர் வால்டன்; அவர் பெயரும் பதிவாகி இருக்கு. மணல் ஆற்றில் தூண் நிறுத்த, கிணறு இறக்குவார்கள். வட்டச் சுவர் எழுப்பி, உள்ளே இருக்கிற மணலை வாரி வெளியே கொட்டக் கொட்ட, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அந்த வேலையில் நின்றவன் யாரு? எந்த ஊரு, எந்தச் சேரி? பாலத்தின் பெயரில் அவன் இல்லை.

நான் வங்கி குமாஸ்தா. எங்க லெட்ஜரில் பெயர் இல்லாமல் ஒரு ரூபாய்கூட ஏறாது. எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டாவது வாங்கியாகணும். வரலாற்று லெட்ஜரில் மட்டும் உழைப்பு வரவாகிறது, பெயர் எழுதும் கட்டம் காலியாகக் கிடக்கிறது. பேனா பிடித்தவன் தனக்கு வேண்டியவர்களை எழுதிக்கொண்டான்.

1920களின் தொடக்கத்தில் கரிமெள்ள சத்தியநாராயணா வெள்ளைக்காரத் துரைத்தனம் வேண்டாமென்று தெலுங்கில் பாடினார். கறுப்புத் துரைத்தனமும் எங்களுக்கு வேண்டாமென்று எதிர்ப்பாட்டு எழுதியவர் இதே ராஜமுந்திரியின் தலித் கவிஞர் குசும தர்மண்ணா. துரை போய்விட்டார். 2015இல் ஊர்ப் பெயரைக்கூட ராஜமகேந்திரவரம் என்று, ஒரு ராஜா பெயருக்கு மாற்றினார்கள். கவர்னர் போனால் ராஜா. கூலிக்காரன் முறை எப்போது வரும்?

பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. சுற்றுலா இடமாக்கலாம் என்று இன்னொரு பேச்சு. பாலம் நிற்கட்டும் என்பதே என் கட்சி. ஆனால், கவர்னர் பெயரை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கி டிக்கெட் போட்டால், நம்மாள் இரண்டாம் தடவையும் ஏமாற்றப்படுகிறான்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இந்தப் பாலம் 1997 வரைக்கும் ஓடியது. தண்டவாளம் பார்த்த கேங்மேன், ஆணி முடுக்கிய கீமேன், பெயிண்ட் அடித்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். அவர்களுடைய அப்பன், பாட்டன் கதை அவர்கள் வாயில் இருக்கும். மாணவர்கள் போய்க் கேளுங்க. பெயர், ஊர், என்ன வேலை, என்ன கூலி, எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வாங்க. உங்க ஊர்ப் பாலத்துக்கும் இதையே செய்யுங்க.

காலியாகக் கிடக்கிற கட்டத்தை நாம்தான் நிரப்பணும்.