சுமைதாங்கிக் கல்



தமிழகத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் சில இன்றும் எஞ்சி நிற்கின்றன. நட்டு நிறுத்திய இரு கற்கள்; அவற்றின்மேல் குறுக்காகக் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையுடன் தனியே நடந்து வருபவர், கைகொடுக்க ஆளில்லாதபோதும், சுமையைத் தாமே இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அவை அமைந்திருக்கும். பேறுகாலத்திற்கு முன்பே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. ஒருத்தி இறக்கி வைக்க இயலாமற்போன சுமையின் நினைவு, வழிநடப்போர் அனைவர்க்கும் சுமை இறக்கும் இடமாயிற்று.

தலைச்சுமை குறைந்துவிட்ட காலம் இது, மனச்சுமை குறையவில்லை. அன்றாட வாழ்விலும் நெருக்கடி மிகுந்த பணிகளிலும் உள்ளத்தைப் பேணுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடைக்கு இது அயலான பொருள் போலத் தோன்றலாம். ஆனால் தமிழில் கவிதையால் மட்டும் வயிறு வளர்ப்பவர் அரியர். கவிஞர் பகலில் ஆசிரியராக இருக்கிறார். வங்கி எழுத்தராக இருக்கிறார். பேருந்து நடத்துநராக, செவிலியாக இருக்கிறார். மாலையில் எஞ்சும் உள்ளத்தைக் கொண்டுதான் கவிதை எழுத வேண்டியிருக்கிறது. அந்த எச்சமும் இல்லாது போகும்போது என்ன நேர்கிறது என்பது கவிஞர்கள் கேட்க வேண்டிய கேள்வியே.

நியூயார்க் நகரத்து உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பகலில் தம் சிகிச்சை அறையிலும் இரவில் போதைப் பழக்கத்திற்கு ஆளானோர்க்கான இலவச மருத்துவ நிலையத்திலும் பணியாற்றியவர். உடனுழைத்த தொண்டர்களிடமும் தம்மிடமும் ஒரு நிலையை அவர் கண்டார். எரிபொருள் தீர்ந்து அணைந்துபோன விளக்கைப் போன்ற அந்நிலைக்கு 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டு 1974இல் கட்டுரை எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் இணைந்து, அதனை அளந்தறியும் வினாநிரலை 1981இல் வெளியிட்டார். அவர்கள் காட்டிய அடையாளங்கள் மூன்று.

முதலாவது, ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு. இரண்டாவது, எதிரே நிற்கும் மனிதரிடம் பற்று அற்றுப்போதல். இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதையும் கவனிக்கும் செவிலிக்கு, பெயரும் முகமும் உடைய நோயாளி ஒருநாள் 'ஏழாம் கட்டில்' ஆகிவிடுகிறார். அது கல்நெஞ்சம் ஆகாது. தாங்க முடியாத உள்ளம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். மூன்றாவது, செய்ததால் ஒரு பயனும் இல்லை என்னும் எண்ணம். முப்பது ஆண்டுகள் எழுத்தறிவித்த ஆசிரியரும் இவ்வெண்ணத்திற்கு ஆளாகக்கூடும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இந்நிலை இடம்பெற்றுள்ளது. அங்கு அதனை நோய் என்று கூறவில்லை. செவ்வனே கையாளப்படாத நீடித்த பணியிட நெருக்கடியால் விளையும் பணிசார் நிலை என்றே வரையறுத்திருக்கிறார்கள். இவ்வரையறையில் 'பணியிடம்' என்னும் சொல் கருதத்தக்கது. குறை உழைப்பவரிடம் மட்டும் இல்லை, உழைப்பு அமைந்திருக்கும் முறையிலும் இருக்கிறது என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது.

இதற்குச் சான்றாக இலண்டன் அரசு ஊழியரிடையே நடந்த ஆய்வுகளைக் கூறலாம். ஒயிட்ஹால் ஆய்வுகள் எனப்படும் அவற்றுள் முதலாவது 1967இல் தொடங்கியது. மேல்நிலை அலுவலர்க்கே பொறுப்பு மிகுதி, ஆகவே அவர்களுக்கே இதயநோயும் மிகுதி என்பது அந்நாளைய பொதுக் கருத்து. ஆய்வு கண்டது வேறு. இதயநோயால் இறந்தோர் விகிதம் மேல்நிலையினரைவிடக் கடைநிலை ஊழியரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாம் ஆய்வு 10,308 ஆண் பெண் ஊழியரைத் தொடர்ந்து கவனித்தது. எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று தாமே முடிவு செய்ய இயலாதவர்க்கு நோய் மிகுதியாக வருகிறது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. வேலையின் கனத்தைப் போலவே, அவ்வேலையின்மீது தனக்கு ஒரு பிடியும் இல்லை என்னும் நிலையும் மனிதரை வருத்துகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கைக் கூறுகிறது. இன்றைய உளவியல் முழுவதும் அங்கேயே இருக்கிறது என்று வாதிடுவது வீண்பெருமை. எனினும் அந்த வரிசையை ஒரு பணியாளரின் கண்கொண்டு படித்தல் தகும். பிறரால் இகழப்படுதல் முதலில் வருகிறது. தளர்ச்சி மூன்றாவதாக வருகிறது. மேலதிகாரியின் ஒரு சொல் எட்டு மணிநேர உழைப்பைவிட மிகுதியாகக் களைப்பூட்டுவதை அறியாத அலுவலகம் உண்டா? பொறுமை, தன்னடக்கம், மூச்சுப் பயிற்சி எனத் தனிமனிதர்க்கே அறிவுரை வழங்கிவிட்டு, இளிவு பிறக்கும் இடத்தை அப்படியே விட்டுவைப்பது நேர்மையாகாது. ஆள் குறைந்த பிரிவுக்கு ஆள் தருவதும், விடுப்பை இரந்து பெறும் நிலையை மாற்றுவதும், பலர்முன் கடிந்துகொள்ளும் வழக்கத்தை ஒழிப்பதும் மருத்துவத்தைச் சேர்ந்தவையே.

அவை வரும்வரை தனிமனிதர் செய்யத்தக்கவையும் சில உண்டு. உறக்கத்தைக் கடனாக வாங்கிச் செலவிடாதிருத்தல். பணிக்கும் வீட்டிற்கும் இடையே சிறிது தொலைவேனும் நடந்து, பகலை வாசலுக்கு வெளியே விட்டு வருதல். நம்பத்தக்க ஒருவரிடம் அன்றைய பாட்டைச் சொல்லுதல். எழுதுதலும் இவ்வகையில் துணையாகலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், தம்மை வருத்திய நிகழ்வுகளைப் பற்றி எழுதினர். நிகழ்வோடு தம் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. அவ்வெழுத்துக்கு யாப்பும் வேண்டியதில்லை; அச்சும் வேண்டியதில்லை.

ஆயினும் எழுத்து மருந்தாகிவிடாது. கவிஞர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது: துயரமே கவிதையின் ஊற்று, அதனை ஆற்றிவிட்டால் கவிதை வற்றிவிடும் என்பது. இந்நம்பிக்கைக்குத் தமிழ்ப் புதுக்கவிதை விலை கொடுத்திருக்கிறது. 'ழ' இதழை நடத்தியவரும், 1981இல் 'காகிதத்தில் ஒரு கோடு' என்னும் தொகுதியை அளித்தவருமான ஆத்மாநாம், உளநோயால் துன்புற்று 1984இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1951இல் பிறந்தவர், வயது முப்பத்து மூன்று. அவர் கவிதைகளை அம்முடிவின் வழியாகவே படித்து வியப்போர் இன்றும் உளர். நோய் அவருடைய கவிதைகளை எழுதவில்லை. நோய்க்கு இடையிலும் அவர் எழுதினார். எழுதப்படாமற்போன தொகுதிகளே அந்நோயின் கொடை. இளங்கவிஞர் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வதில் பொருளில்லை என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், அதனைப் படிமம் என்று பாராட்டுவது கொடுமை. அவருடன் மருத்துவரிடம் செல்வதே நட்பு.

உடன்செல்ல ஒருவர் இல்லாததால் உயிர்கள் போகின்றன. சிம்பாப்வே நாட்டு ஹராரே நகரத்து மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, தம்மிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து உயிரை மாய்த்துக்கொண்டதைக் கூறியுள்ளார். அதன்பின் 2006இல் அவர், மருத்துவ நிலையத்திற்கு வெளியே மரப் பலகை இருக்கைகளை இட்டு, பதினான்கு பாட்டிமாருக்குக் கேட்கப் பயிற்சி அளித்தார். மக்கள் மொழியான ஷோனாவில் அந்நோய்க்கு 'குஃபுங்கிசிசா' என்று பெயர். மிகுதியாக எண்ணுதல் என்பது பொருள். பாட்டிமார் அச்சொல்லையே வழங்கினர். 2016இல் வெளிவந்த ஆய்வில், அவ்விருக்கையில் அமர்ந்து பேசியோரிடம் நோய்க்குறிகள் ஆறு திங்களில் மற்றவரைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. மக்களின் சொல்லுக்கும் செவிகொடுத்தலுக்கும் உள்ள ஆற்றலைக் கவிஞர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இந்நாட்டிலும் வழிகள் உள. சென்னையில் 'சினேகா' 1986 முதல் செவிகொடுத்து வருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதி, தண்டனையை விலக்கி, அவரைப் பேணும் கடமையை அரசின்மீது வைக்கிறது. சட்டம் மாறிவிட்டது, அண்டை அயலாரின் பேச்சு இன்னும் மாறவில்லை.

பத்தாண்டு நடந்த வட்டம் நூல்களை வெளியிட்டது, அரங்குகளை நடத்தியது என்பன மலரில் பதிவாகும். பதிவாகாத ஒரு பணியும் உண்டு. தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஓர் உறுப்பினர் மூன்று கூட்டங்களுக்கு வராதிருந்தால், நான்காம் கூட்டத்திற்கு முன் எவரேனும் ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுதல் வேண்டும். கவிதை கேட்கச் செல்ல வேண்டியதில்லை. உண்டீரா, உறங்கினீரா என்று கேட்டாற் போதும்.

சுமைதாங்கிக் கல் சுமையை வாங்கிக்கொண்டு போவதில்லை. எங்கே போகிறாய் என்று வினவுவதுமில்லை. வந்தவர் தோள் நிமிர்த்தி மூச்சு வாங்கும்வரை அசையாமல் நிற்கிறது. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் அத்தகைய கல்லாக நிற்பதாக.