கொடையாளரும் கூடை சுமந்தோரும்
(நூற்றாண்டு விழாவில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கொழும்பில் பிறந்த எம்மிற் பலரின் பிறப்புச் சான்றிதழில் ஒரே ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும்: டி சொய்சா. அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1836இல் மொறட்டுவையிற் பிறந்தார். தந்தை ஜெரோனிஸ் ஹங்குரன்கெத்தையில் கோப்பி பயிரிட்டுப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். தோட்ட முதலாளிகளிற் பெரும்பாலோர் வெள்ளைத் துரைமாராயிருந்த காலத்தில் மகன் அச்செல்வத்தைப் பன்மடங்காக்கினார். 1870இல் எடின்பரோ கோமகனுக்குத் தம் மாளிகையில் அவர் அளித்த விருந்து இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் எம்மைக் கவர்வது அந்த விருந்தன்று. 1876இல் அவர் மொறட்டுவையில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரியும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரியும் நிறுவினார். மகனுக்குக் கொடுத்ததை மகளுக்கும் கொடுத்தார். 1879இல் அவரது கொடையால் மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அத்தகைய காலத்திற் கொடுப்பதற்கு மனம் வேண்டும்.

சகோதரிகளே, இங்கே நாம் நின்றுவிடலாம். நின்றுவிட்டால் பாதிக் கதைதான் சொன்னவர்களாவோம்.

மலைநாட்டுக் கோப்பி தானாகப் பணமாகவில்லை. தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டி வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். எஞ்சியவர்கள் பழம் பறித்துக் கூடை சுமந்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டக் கோப்பிச் செல்வத்தின் பெரும்பகுதியில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களுட் பெரும்பாலோரின் பெயரில் ஒரு சந்தியும் இல்லை, சிலையும் இல்லை.

இதனால் கொடையாளரின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. நன்றிக்கு இரண்டு முகவரிகள் உண்டு என்பதையே நாம் சொல்கிறோம்.

எமது கல்லூரி மண்டபச் சுவரிலும் நன்கொடையாளர் பெயர்ப் பலகை உண்டு. நூற்றாண்டு நிதிக்கு வாரி வழங்கியோர் பெயரும் அதில் ஏறும், ஏறத்தான் வேண்டும். ஆனால் அந்நிதியில் ஒரு பங்கைத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தரம் படிக்க வரும் மாணவிகளின் விடுதிச் செலவுக்கு ஒதுக்குமாறு சங்கத்தை வேண்டுகிறோம். அதற்கு யார் பெயரும் வேண்டாம். லயன் அறையிலிருந்து வரும் ஒரு பிள்ளை எமது சீருடையை அணிந்து அந்தப் பலகையின் கீழ் நடந்து போனாற் போதும்.