தாழ்ப்பாளும் தச்சனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சிலம்பையோ கம்பனையோ பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்து வந்தோர் பொறுத்தருள வேண்டும். போர்த் துப்பாக்கிகள் வேட்டைத் துப்பாக்கிகளாக மாறிய கதையே இன்று என் பொருள். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தம் மன்னன் அதியமானின் வேல்கள் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் கூறினார் அல்லவா? பட்டறைக்குப் போன படைக்கலத்தின் பிற்கால வாழ்வைச் சொல்கிறேன் எனக் கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தவர் பால் மௌசர். அவர் வடித்த ரைஃபிளை ஜெர்மானியப் படை 1898இல் ஏற்றது. அதன் உயிர்நாடி ஒரு தாழ்ப்பாள். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போலவே தூக்கி, இழுத்து, தள்ளி, தாழ்த்த வேண்டும். அதன் முன்முனையில் இரண்டு பற்கள். அவை உடைந்தாலும் காப்பதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பல். தோட்டாவின் அடியைப் பற்றி அறைக்குள் கொண்டு சேர்த்து, வெடித்த கூட்டை வெளியே இழுத்தெறியும் நீண்ட நகம் ஒன்றும் உண்டு. சேற்றிலும் மழையிலும் சிக்காதது என்பதற்காகப் படைவீரன் விரும்பிய அமைப்பையே, பாயும் விலங்கின் முன் நிற்கும் வேட்டைக்காரனும் விரும்பினான். அமெரிக்க அரசின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் இதனை ஒட்டியே பிறந்தது. அதற்காக மௌசர் நிறுவனத்துக்கு இரண்டு லட்சம் டாலர் உரிமைத்தொகை செலுத்தவும் நேர்ந்தது!

நம்மில் பலர் விரும்பிப் படித்த ஜிம் கார்பெட்டை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது, லண்டன் ரிக்பி நிறுவனம் மௌசர் தாழ்ப்பாளின்மேல் கட்டிய ரைஃபிள். அதன் தோட்டா 7 மி.மீ. மௌசர் தோட்டாவேதான்; ஆங்கிலப் பெயர் பூண்டிருந்தது, அவ்வளவே. 1899இல் தொடங்கிய போயர் போரில் ஆங்கில வீரர்களைச் சாய்த்ததும் அதே தோட்டா. வணிகத்துக்குப் பகையேது?

இரு உலகப் போர்களுக்குப் பின்னும் இத்தகைய ரைஃபிள்கள் அமெரிக்கச் சந்தையில் மலிவாகக் குவிந்தன. அஞ்சலில் பணம் கட்டி வரவழைக்கும் வழக்கத்துக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அதுவரை பல ஊர்ப் பட்டறைகளில் இதே வேலை. நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைத் தாழ வளைப்பார்கள். இல்லையேல் மேலே பொருத்தும் தொலைநோக்கியில் இடிக்கும். மேல்நோக்கிச் சுழலும் காப்புவிசையை மாற்றுவார்கள். கனத்த படைமரத்தை அகற்றுவார்கள்.

இரும்பு வேலை இவ்வளவே. உயர்வு மரவேலையில் இருக்கிறது. தச்சர் மகனாகிய எனக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. நியூயார்க்கில் 1923இல் ஜேம்ஸ் ஹோவுடன் சேர்ந்து புகழ்பெற்ற துப்பாக்கிப் பட்டறையைத் தொடங்கிய சீமோர் கிரிஃபின், அதற்குமுன் மேசை நாற்காலி செய்த தச்சர். வால்நட் மரத்தில் இரும்பு அமர வேண்டிய பள்ளத்தைக் குடையும் முறை கேளுங்கள். இரும்பில் கரிமை பூசி மரத்தில் அழுத்துவார்கள். கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுவார்கள். மீண்டும் மை, மீண்டும் அழுத்தம், மீண்டும் உளி. கறுப்பு எங்கும் ஒரே சீராகப் படியும் வரை நாட்கணக்கில் இது தொடரும். ஓரிடத்தில் மிகுதியாகச் சுரண்டிவிட்டால் மீட்பில்லை. மரம் இரும்பைச் சமமாகத் தாங்காவிட்டால் குறி தவறும். அழகுக்காக மட்டும் செய்யும் வேலையன்று இது.

ஆனால், எல்லா இரும்பும் நம்பத்தக்கதா? 1917இல் அமெரிக்காவில் சில ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்கள் சுடுவோர் கையிலேயே சிதறின. ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணம், கேட்போரைத் திகைக்க வைப்பது. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் அறிந்தனர் அங்கிருந்த மூத்த கொல்லர்கள். மப்பும் மந்தாரமுமான நாளில் கண் சரியாகச் சொன்னது. வெயில் பளீரென அடித்த நாளிலோ, அதே நிறம் தெரியும்போது இரும்பு 300 பாரன்ஹீட் டிகிரி வரை கூடுதலாகக் கொதித்திருந்தது. எரிந்துபோன எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். அதன்பின் வெப்பமானி வந்தது. பதப்படுத்தும் முறையும் மாறியது. எனினும், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் ஏறத்தாழ எட்டு லட்சம் என்ற எண்ணுக்கு முன் பிறந்தவற்றுள் எது நல்ல நாளில் பிறந்தது, எது கெட்ட நாளில் பிறந்தது என்று வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. அழகிய மரத்தில் பொதிந்து தந்தை மகனுக்குக் கொடுத்தவற்றுள் அவையும் உண்டு.

அந்த மூத்த கொல்லர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. என் தந்தையாரும் கண்ணை நம்பியே தொழில் செய்தார். அவர் செய்த கதவு பிழைத்தால் காற்று வரும், அவ்வளவுதான்.

இன்று நிலைமை தலைகீழ். கை படாத பழைய படைத் துப்பாக்கிக்குச் சேகரிப்போர் தரும் விலை, மாற்றியமைத்ததற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எண்கள் ஒத்த முழு மௌசரை அறுப்பது ஏட்டுச்சுவடியைக் கிழிப்பதற்கு ஒப்பு என்பது என் கருத்து. முன்னரே எவரோ அறுத்துக் கெடுத்தது கிடைத்தால், அதன் எண்ணையும் எஃகையும் சோதித்தறிந்த பின்னர், நல்ல தச்சனிடம் கொடுக்கலாம்.