உறைக்குள் உறங்கும் பாட்டு



நம்முடைய வீடுகள் சிலவற்றில், பரண்மேலோ பீரோவின் அடித்தட்டிலோ, பழைய இசைத்தட்டுகள் இன்னும் இருக்கலாம். போட்டுக் கேட்க இயந்திரம் இல்லை. ஆனாலும் தூக்கிப் போட மனம் வருவதில்லை. அந்த அட்டை உறையில் உள்ள படத்தைப் பார்த்ததுமே ஒரு காலம் கண்முன் வந்து நிற்கிறது. தட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, துணியால் துடைத்து, முள்ளை மெல்ல இறக்குவோம். முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு பாட்டு.

அந்த உறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 78 சுற்று அரக்குத் தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுதான். நீண்ட இசையைக் கேட்கப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போல ஒன்றாகக் கட்டி விற்றார்கள். இன்று நாம் பாடல் தொகுப்பை 'ஆல்பம்' என்பதும் அதனால்தான். அந்தக் கட்டுகளின் அட்டைகள் பெரும்பாலும் படமில்லாத வெற்று அட்டைகள். 1940ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளம் ஓவியர், உள்ளே இருக்கும் இசைக்கு ஏற்ற ஓவியத்தை அட்டையில் தீட்டத் தொடங்கினார். 1948இல் அதே நிறுவனம் எல்.பி. தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இசை. 12 அங்குலச் சதுர உறை. நம் நாட்டுத் திரைப்பட இசைத்தட்டுகளின் உறைகளும் அப்படித்தான். முன்னால் படக்காட்சி, பின்னால் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள்.

அந்த ஓவியம் எதற்காக? கடைக்கு வந்தவர் கையில் எடுக்க வேண்டும். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டைக் கேட்க வேண்டும். உறை என்பது பாட்டுக்கு ஓர் அழைப்பிதழ்.

இன்று பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் பலர் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அவர்களுடைய சந்தையில் ஒரு வினோதம் இருக்கிறது. ஒருமுறைகூட ஓடாத தட்டுக்கே முதல் மதிப்பு. முள் ஓட ஓட வரி தேயும் அல்லவா? உறையில் யாராவது பேனாவால் எழுதியிருந்தாலும் விலை குறையும். "அன்பு மகளுக்கு, திருமணப் பரிசாக" என்று ஒரு தந்தை எழுதிய கையெழுத்தைச் சந்தை பழுது என்று குறித்துக்கொள்ளும். அந்த மகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கையெழுத்துக்காகவே அதை இத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறேன் என்பார்.

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வரும் மினா நாணய உவமையை நினைத்துப் பார்ப்போம். ஒரு பணியாளர் தலைவர் கொடுத்த நாணயத்தைத் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தார். கீறல் இல்லை, தேய்மானம் இல்லை, வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தார். தலைவர் அவரைப் பாராட்டவில்லை. கெட்டுப்போகாமல் காப்பது மட்டும் போதும் என்று எண்ணியதுதான் அவர் குறை.

நாமும் உறைகளை நன்றாகக் காக்கிறோம். திருமுழுக்குச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது. திருமண ஆல்பம் பட்டுத்துணியில் சுற்றப்பட்டிருக்கிறது. முதல் நற்கருணைப் படம் சுவரில் தொங்குகிறது. எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் உள்ளே இருக்கும் பாட்டு? அன்று கொடுத்த வாக்குறுதி இன்று நம் வீட்டில் ஒலிக்கிறதா? மன்னிக்கும்போது நம் மானம் கொஞ்சம் தேயும். நோயாளியைக் கவனிக்கும்போது உடல் தேயும். தேயாமல் பாட்டு இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்களையும் எண்ணிப் பார்ப்போம். மருந்து, சாப்பாடு, சுத்தமான படுக்கை எல்லாம் தருகிறோம். அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று? சொன்னதையே சொல்கிறார் என்று எழுந்து போகிறோம். பிடித்த பாட்டை மட்டும் நூறுமுறை சலிக்காமல் கேட்டவர்கள்தானே நாம்!

இந்த வாரம் ஒருநாள், எல்.பி. தட்டின் ஒரு பக்கம் ஓடும் நேரம், இருபதே நிமிடம், அவர்கள் அருகில் உட்காருவோம். "உங்கள் காலத்தில் எந்தப் பாட்டு பிடிக்கும்? யாரோடு கேட்டீர்கள்?" என்று கேட்போம். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்போம். நாளை நாம் தேடினாலும் கிடைக்காத குரல் அது.

நமக்குத் தந்த வாழ்வைத் துணியில் முடிந்து வைக்காமல், பிறருக்காகச் செலவிடும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.